மணல் தீவை நோக்கிய முதற் பயணம்

திமோர்த் தீவின் தென்மேற்கு முனைக்கு அப்பால் ரோத்தே என்னுஞ் சிறு தீவொன்று உளது. இந்தோனேசியக் குடியரசின் தெற்கெல்லையை அடுத்துக் கிடக்கும் அத்தீவின் கீழ்ப்பாகத்தில் பாப்பேலா என்பது கடலோடிகள் வாழும் ஊர். அவ்வூர் இளைஞன் ஒருவன் முதன்முதலாகத் தொலைக்கடலுக்குத் தொழிலுக்குப் போவானாயின், அவன் ஏறும் படகு பெரும்பாலும் தெற்கு நோக்கியே செல்லும். அத்திசையில் ஏறத்தாழ 145 கிலோமீற்றர் தொலைவில், பெருக்கின்போது மறைந்தும் வற்றின்போது வெளிப்பட்டும் கிடக்கும் பவளப் பார்கள் உள. அவற்றுள் முதலிற் காணப்படுவதை ஆங்கிலேயர் ஆஷ்மோர் என்பர். ரோத்தே மக்கள் அதனைப் பூலாவ் பாசிர், அதாவது மணல் தீவு, என வழங்குவர். அவுஸ்திரேலியப் பெருநிலம் அங்கிருந்து 320 கிலோமீற்றர் அளவு தொலைவில் உளது. ஆயினும் அந்தப் பார் அவுஸ்திரேலியாவுக்கே உரியது. எனவே அவ்விளைஞன் படகுக்கும் தூண்டிலுக்கும் மாத்திரம் ஆயத்தஞ் செய்து அமைய முடியாது. பிறநாட்டு எல்லையொன்றைக் கடத்தற்கும் ஆயத்தஞ் செய்தல் வேண்டும். இவ்விரண்டனுள் பின்னதே கடினமானது.

இப்பயணம் நேற்றுத் தோன்றியதன்று. சுலாவெசித் தீவின் மக்காசர்த் துறையிலிருந்து வடமேற்குப் பருவக் காற்றோடு புறப்பட்ட பெராகு என்னும் பாய்க்கப்பல்கள், அவுஸ்திரேலியாவின் வடகரையிற் கடலட்டை சேர்த்து, தென்கிழக்குக் காற்று எழுந்ததும் ஊர் திரும்புவது நெடுங்கால வழக்கம். 1803ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அக்கரையை அளந்து சென்ற மத்தேயு பிளிண்டர்ஸ் என்னும் ஆங்கிலக் கப்பற்றலைவர், பொபாசூ என்பவரின் கீழ் வந்த ஆறு பெராகுகளைக் கண்டு உரையாடினார். அம்மாலுமிகள் கொண்டுவந்த புளியின் விதைகள் முளைத்த இடங்களில் இன்றும் புளிய மரங்கள் நிற்கின்றன. அவர்கள் தங்கிய வாடிகளை ஆராய்வோர்க்கு அம்மரங்களே முதல் அடையாளம். அக்கரையை அந்நாளில் ஆண்ட தென் அவுஸ்திரேலிய அரசு முதலில் அவர்களிடம் தீர்வையும் உரிமப் பணமும் பெற்றது. பின்னர் 1906இல் இனி உரிமம் வழங்குவதில்லை எனத் தீர்மானித்தது. 1907இற் கடைசிப் பெராகு திரும்பியது. அத்துடன் பெருநிலக் கரை அடைபட்டது. ஆயின் ரோத்தேக்குத் தெற்கேயுள்ள பார்களில் தொழில் நின்றுவிடவில்லை. பிரித்தானியா 1878இல் ஆஷ்மோரைத் தனதாக்கியதும், 1931ஆம் ஆண்டு ஆணையால் அது அவுஸ்திரேலியாவிடம் சேர்ந்ததும் ஆங்கு அட்டை பொறுக்கியோரின் வாழ்வை உடனே மாற்றவில்லை.

மாற்றம் 1968இல் தொடங்கியது. அவ்வாண்டு அவுஸ்திரேலியா தன் கரைகளையும் தீவுகளையும் சூழ 12 கடல் மைல் அகலத்தைத் தன் மீன்பிடி வலயமாக்கியது. 1974 நவம்பரில் இரு நாடுகளும் புரிந்துணர்வு உடன்பாடு ஒன்று செய்தன. ஆஷ்மோர், காட்டியர், ஸ்கொட், செரிங்காபட்டம், பிரவுஸ் என்னும் ஐந்திடங்களைச் சூழ்ந்த நீரில், பல பத்தாண்டுகளாக வழங்கிவந்த முறைகளினால் தொழில் புரியும் பாரம்பரிய மீனவர் மாத்திரம் அனுமதிக்கப்படுவர் என்பது அதன் சாரம். (செரிங்காபட்டம் என்பது மைசூரை அடுத்த சீரங்கபட்டணத்தின் ஆங்கில உருவமே, காவிரிக்கரை ஊரொன்றின் பெயர் இத்துணைத் தொலைவிலுள்ள கடற்பாருக்கு வாய்த்தமை வியப்பே.) இலங்கையும் இந்தியாவும் கச்சதீவுக் கடலைப் பற்றி உடன்பாடு செய்ததும் இதே 1974ஆம் ஆண்டில் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. பாரம்பரியம் என்னுஞ் சொல் அவ்வுடன்பாட்டிலும் இடம்பெற்றது. 1979இல் அவுஸ்திரேலிய வலயம் 200 கடல் மைலாக விரிந்தது. 1989இல் வகுக்கப்பட்ட நடைமுறை விதிகள் மேற்கூறிய ஐந்திடங்களையும் உள்ளடக்கி, ஏறத்தாழ 50,000 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள ஒரு பெட்டியைக் கடற்படத்திற் கீறின. இளைஞன் முதலிற் கற்க வேண்டியது இப்பெட்டியின் நான்கு புறங்களையே. நீரின்மேற் கோடு ஏதும் இல்லை. திசைகாட்டி, விண்மீன், அலையின் போக்கு ஆகியவற்றால் வழியறிந்த தண்டயல், இக்கோட்டையும் மனத்தில் வைத்துச் சுக்கான் பிடித்தல் வேண்டும்.

இனி, படகில் ஏற்றுவன யாவை, ஏற்றக்கூடாதன யாவை என நோக்குவோம். அரிசி, விறகு, உப்பு, குடிநீர் ஆகியவை முதன்மையானவை. இவற்றுள் நீரே தலையாயது. முன்னாளில் ஆஷ்மோரின் சிறு தீவுகளில் இறங்கிக் கிணற்று நீர் முகந்துகொள்வர். 1983இல் அப்பார் இயற்கைக் காப்பிடமாக்கப்பட்டது. பின்னர் ஆங்குத் தொழில் செய்வதும் தடைப்பட்டது. மேற்குத் தீவின் களப்பில் ஒதுங்கவும் அங்குள்ள கிணற்றை அணுகவும் மாத்திரம் இடமுண்டு. அன்றியும், அத்தீவுகளின் கிணற்று நீரில் நோய்க் கிருமிகள் காணப்பட்டதுமுண்டு. ஆதலாற் போக்குக்கும் வரவுக்கும் வேண்டிய நீரை ஊரிலேயே நிரப்பிச் செல்வதே அறிவுடைமை. பாரின் ஆழமற்ற நீரிற் பெரும்படகு செல்லாதாகலின் சிறு தோணிகளையும் உடன் கொண்டுபோவர். வற்று நீரில் நடந்து பொறுக்குவதற்கும், மூச்சடக்கிக் குளிப்பதற்கும் அவையே துணை. காற்றுக்குழாய்க் கருவி கொண்டு குளித்தல் விதிக்கு மாறானது. கடலாமையைத் தீண்டுதலும் ஆகாது.

ஏற்றக்கூடாதனவற்றுள் தலையாயது இயந்திரம். பாரம்பரியம் என்பதனை அவுஸ்திரேலிய அதிகாரிகள் பாய்மரம் என்றே பொருள்கொண்டனர். இயந்திரம் பூட்டிய படகு, அதிற் செல்வோர் எத்தலைமுறையாக அப்பாரில் தொழில் செய்தவராயினும், பெட்டிக்குள் வர உரிமையற்றது. உரிமை இங்கே மனிதனுக்கு அளிக்கப்பட்டதா, அவன் ஏறிய மரக்கலத்துக்கு அளிக்கப்பட்டதா என்னும் வினா இயல்பாகவே எழும். இதற்கு மறுபக்கமும் உண்டு என்பது மறுக்கற்பாலதன்று. இயந்திரப் படகுகள் தடையின்றிப் புகுமாயின் அட்டை சில ஆண்டுகளிலேயே அற்றுப்போகும். மெல்ல நகர்ந்து மெல்ல வளரும் உயிர் அது. பாரைக் காப்பதற்கு விதி வேண்டியதே. ஆனால் இவ்விதி காப்பின் சுமையை முழுவதும் எளியவன் தோளில் ஏற்றியது. நவம்பர் முதல் ஏப்ரில் வரை சூறாவளி தோன்றும் கடல் அது. காற்று அடங்கியபோது நீரோட்டம் படகை இழுத்துக் கோட்டுக்கு அப்பாற் கொண்டுபோதலும் உண்டு. புயல் எழுந்தபோது ஓடி ஒதுங்குதற்குப் பாய் ஒன்றே கதி. ஊரில் அயலவன் இயந்திரத்தோடு கரையோரத் தொழிலுக்குப் போக, இவன் எல்லை கடந்து நெடுந்தொலைவு போவதற்கே இயந்திரத்தைக் கழற்றிவைக்க வேண்டியிருத்தல் விந்தையான நிலையாகும்.

கோட்டைக் கடந்து பிடிபட்டால் நேர்வது யாது? படகைப் பறிமுதல் செய்து எரித்தழிப்பது அவுஸ்திரேலிய அதிகாரிகளின் வழக்கம். பாப்பேலாவிலும் வாழும் பாஜோ மக்களைப் பற்றி நடாஷா ஸ்டேசி என்னும் ஆய்வாளர் 2007இல் வெளியிட்ட நூலுக்கு 'எரிப்பதற்கான படகுகள்' எனப் பொருள்படும் பெயரே சூட்டப்பட்டது. இம்மக்கள் தென்கிழக்குச் சுலாவெசியை அடுத்த துக்காங் பெசித் தீவுகளிலிருந்து வந்தவர். இவர்களுக்குப் படகு வெறும் பலகையன்று, உயிருள்ள உடம்பு. அதற்குக் கொப்பூழ் உண்டென நம்பிப் புதிய படகுக்குச் சடங்கு செய்வர். அத்தகைய ஒன்றைத் தீயிலிடக் காண்பது எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அத்தோடு கடனும் நிற்கும். பயணத்துக்குரிய அரிசியும் பிறவும் பெரும்பாலும் சம்மாட்டியாகவோ வணிகராகவோ உள்ளவர் முற்பணமாகத் தந்தவை. வந்த வருவாயில் அச்செலவைக் கழித்த பின்னரே படகுக்குப் பங்கும் ஆளுக்குப் பங்கும் பிரியும். படகு எரிந்தாற் பங்கு இல்லை. கடன் மாத்திரம் எஞ்சும். அக்கடனைத் தீர்ப்பதற்கு மீண்டும் அதே கடலுக்கே, சில வேளை முன்னிலும் அப்பாற் சென்று, தொழில் செய்ய நேரிடும். எரிப்பதால் அச்சம் விளைந்து வரவு குறையும் என எண்ணியவர் இக்கடனைக் கணக்கிற் கொண்டிலர் போலும்.

மீனோடு தொடர்பில்லாத இடர் ஒன்றும் அக்கடலிற் சேர்ந்தது. அடைக்கலம் நாடுவோரை ஏற்றிச் செல்லும் படகுகளுக்கு மீனவ இளைஞரைக் கூலிக்கு அமர்த்தினர். 2001இல் அவுஸ்திரேலியா ஆஷ்மோரைத் தன் குடிவரவு வலயத்திலிருந்து நீக்கியதோடு ஆள்கடத்தலுக்குக் கட்டாயச் சிறைத் தண்டனையும் விதித்தது. பிடிபட்டோருள் வயது முதிராதாரும் இருந்தனர். மணிக்கட்டை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து அவர்தம் வயதைத் துணிந்த முறை பிழையானது என 2012இல் அந்நாட்டு மனித உரிமைகள் ஆணைக்குழுவே அறிக்கையிட்டது. ஆகவே எவர் படகில், எதன்பொருட்டு ஏறுகிறோம் என வினவி அறிதலும் முதற் பயணத்துக்குரிய ஆயத்தங்களுள் ஒன்றாயிற்று.

இவ்வளவுக்கும் காரணமான பொருளை அதனைச் சேர்ப்பவர் உண்பாரல்லர். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் உள்ள கரையோர மக்களைப் போலவே அவர்களும் கடலட்டையின் குடலை நீக்கி, அவித்து, உலர்த்திச் சீனர் சந்தைக்கே அனுப்புகின்றனர். பொபாசூவின் காலத்திலும் அது அங்கேயே சென்றது. நன்கு உலராத அட்டை ஈரங்கொண்டு கெடும். கெட்டதற்கு விலை இல்லை. ஆதலால் அவித்துலர்த்துந் திறன் முதுவரிடமிருந்து இளைஞன் கற்க வேண்டியவற்றுள் இன்றியமையாதது.

தென்கிழக்குக் காற்று நிலைபெற்ற மாதங்களிற் பாய் விரிப்பர். ரோத்தேயிலிருந்து தெற்கே செல்வோர்க்கு அக்காற்றுப் பக்கவாட்டிற் கிடைப்பதாற் போக்கும் வரவும் இயலும். ஆஷ்மோரின் சிறு தீவுகளில் இந்தோனேசியக் கடலோடிகளின் புதைகுழிகள் உள. முதன்முறை போகும் இளைஞனுக்கு அது பிறநாடு. அவன் முன்னோருட் சிலர் துயிலும் நிலமும் அதுவே.