காணொளிக்கு முன் ஒரு கணக்கு

வைட்ஃபீல்டில் வீட்டிலேயே முறுக்கு, அதிரசம் செய்து விற்கும் வாடிக்கையாளர் ஒருவர், காணொளி எடுக்கக் கேமரா வாங்கக் கடன் கேட்டு எம் கிளைக்கு வந்தார். புதுக்கோட்டை மாவட்டச் சின்னவீரமங்கலத்தில் 2018-இல் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’, 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டியதை அவர் சுட்டிக்காட்டினார். அவர்களுக்குப் பார்வையாளரால் வருவாய். சிறுதொழிலுக்கோ வாங்குபவரால் வருவாய். அருகிலுள்ள அடுக்ககங்களில் ஐம்பது குடும்பங்கள் பார்த்தாலே போதும்.

எனவே, வாடிக்கையாளர் அடிக்கடி கேட்கும் ஐந்து கேள்விகளை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடக் காணொளியைப் பகல் வெளிச்சத்தில் கைப்பேசியிலேயே எடுங்கள். விலையையும் ஆர்டர் செய்யும் முறையையும் தவறாது கூறுங்கள். எந்தக் காணொளியால் எத்தனை ஆர்டர்கள் வந்தன என்று மூன்று மாதம் குறித்து வாருங்கள். கேமரா தேவையா என்பதை அக்குறிப்பேடே சொல்லும். தேவையெனில், முத்ரா திட்டத்தின் ‘சிசு’ பிரிவில் 50,000 ரூபாய் வரை கடனுக்கு விண்ணப்பிக்கலாம்.