அந்த சிஎஸ்வி ஃபைலுக்கு யார் காசு கொடுக்கிறாங்க?

மெஷின் லேர்னிங் மினி புராஜெக்ட்னு சொன்னதும் எல்லா வகுப்பிலும் ஒரு டீமாவது எடுக்கிற தலைப்பு ஒண்ணு இருக்கு: விமானம் தாமதமாகுமா என்று கணிப்பது. காக்கிள்ல டேட்டாசெட் கிடைக்கும், டவுன்லோட் பண்ணுவோம், ரெண்டு மாடல் ஓட்டுவோம், ரிவ்யூ முடிஞ்சிடும். ஆர் மொழி கத்துக்கிட்டவங்களுக்கு என்ஒய்சிஃப்ளைட்ஸ்13 தெரிஞ்சிருக்கும். 2013-ல் நியூயார்க் நகர விமான நிலையங்களிலிருந்து கிளம்பிய 3,36,776 விமானங்களின் பட்டியல் அது.

இந்த டேட்டா எல்லாம் ஒரே இடத்தில் இருந்துதான் வருது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்குள் இருக்கும் போக்குவரத்துப் புள்ளிவிவரப் பணியகம், சுருக்கமா பிடிஎஸ். 1991-ல் வந்த ஒரு சட்டம் உருவாக்கிய அலுவலகம். நமக்கு இலவசம்தான், ஆனா யாரோ காசு கொடுத்துக்கிட்டே இருக்காங்க.

முதல்ல ஒரு சந்தேகம். ஒரு விமான நிறுவனம் தன்னோட தாமதத்தைத் தானே ஏன் ஊருக்குச் சொல்லணும்? சொல்லித்தான் ஆகணும் என்று அரசு விதி இருக்கு. 1978-ல் அமெரிக்கா விமானக் கட்டணம், வழித்தடம் மீதான கட்டுப்பாடுகளைத் தளர்த்த ஆரம்பித்தது. அதுவரை அதையெல்லாம் கவனித்த வாரியத்தை 1984 முடிவில் மூடினாங்க. ஆனா டேட்டா சேகரிக்கும் வேலையை மூடவில்லை, போக்குவரத்துத் துறைக்கு மாற்றினாங்க. தாமதம் பற்றிய புகார்கள் குவிந்ததும், 1987 செப்டம்பர் முதல் பெரிய நிறுவனங்கள் உள்நாட்டு விமானங்களின் நேரக்கணக்கை மாதாமாதம் கொடுக்கணும் என்று விதி வந்தது. குறித்த நேரத்துக்கு 15 நிமிஷமோ அதுக்கு மேலோ பிந்தி வந்தால் தாமதம்.

சரி, காசு? இங்கேதான் ஒரு வேடிக்கை. பிடிஎஸ்-ஸின் பிரதான ஒதுக்கீடு விமான டிக்கெட் வரியில் இருந்து வரவில்லை, நெடுஞ்சாலை நிதியில் இருந்து வருது. அந்த நிதியின் முக்கிய வருமானம் பெட்ரோல், டீசல் மீதான மத்திய வரி. அதாவது டெக்சாஸ்ல லாரி ஓட்டுறவர் போடும் டீசலும் நம்ம டேட்டாசெட்டுக்கு உதவுது.

பிரச்சினையும் இங்கேதான். பெட்ரோல் வரி ஒரு கேலனுக்கு 18.4 சென்ட். 1993-க்குப் பிறகு அது உயரவே இல்லை. நிதி பத்தாமல் 2008 முதல் அடிக்கடி பொதுக் கருவூலத்தில் இருந்து பணம் போட்டு ஓட்டுறாங்க. பிடிஎஸ்-க்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியது வருஷத்துக்கு 2.7 கோடி டாலர். 2015-ல் அது 2.6 கோடி. 2021-ல் வந்த சட்டம் 2026-க்கு ஒதுக்கியதும் அதே 2.7 கோடிதான். இருபது வருஷத்தில் சம்பளம், சர்வர் செலவு எல்லாம் ஏறிடுச்சு, ஒதுக்கீடு மட்டும் நின்ன இடத்திலேயே நிக்குது.

காசைவிட முக்கியமான கேள்வி: எண்கள் பிடிக்கலேன்னா மேலிடம் அதை மாத்த முடியுமா? பிடிஎஸ் ஒரு அமைச்சகத்துக்குள்ளேயே இருக்கு, அமைச்சர் அரசியல் நியமனம். அதனால 2015 சட்டத்தில் ஒரு பாதுகாப்பு சேர்த்தாங்க. எந்தத் தகவலைச் சேகரிப்பது, எப்படி ஆய்வு செய்வது, எதை வெளியிடுவது என்பதற்குப் பணியகத்தின் இயக்குநர் துறையில் வேறு யாரிடமும் ஒப்புதல் வாங்கத் தேவையில்லை.

இதெல்லாம் நம்ம மாடலுக்கு எதுக்குன்னு கேட்கிறீங்களா? விதி மாறினா டேட்டாவும் மாறும். மூணு விஷயம் குறிச்சு வச்சுக்கோங்க:

1. 1995-க்கு முன்னாடி இயந்திரக் கோளாறால் தாமதமான, ரத்தான விமானங்களைக் கணக்கில் காட்டாமல் விட அனுமதி இருந்தது. அந்த வருஷங்களையும் அதுக்குப் பிறகு வந்ததையும் ஒண்ணா கலந்தா ஒப்பீடு தப்பாகும்.

2. தாமதத்துக்கான காரணம் 2003 ஜூன் முதல்தான் பதிவாகுது. அதுக்கு முன்னாடி அந்தக் கட்டம் காலியா இருந்தா பூஜ்யம் போட்டு நிரப்பாதீங்க. அப்போ அந்தக் கேள்வியையே யாரும் கேட்கல.

3. ‘வானிலை’ என்ற கட்டத்தில் கடுமையான வானிலை மட்டும்தான் வரும். சாதாரண மழை, மேகமூட்டத்தால் வரும் தாமதம் ‘தேசிய விமானப் போக்குவரத்து அமைப்பு’ என்ற கட்டத்துக்குள் போயிடும். அந்தக் காரணத்தையும் விமான நிறுவனமேதான் எழுதிக் கொடுக்குது.

கட்டாயப்படுத்த ஒரு விதி, நடத்த ஒரு வரி, எண்ணைக் காப்பாத்த ஒரு சட்டப்பிரிவு. மூணில் எது போனாலும் அந்த ஃபைல் நாளைக்கு அப்டேட் ஆகாது, ஆனாலும் நம்ப முடியாது. அடுத்த ரிப்போர்ட்ல ‘டேட்டா: காக்கிள்’ என்று ஒரு வரியோட விடாதீங்க. யார் சேகரித்தது, எந்த வருஷத்து விதிப்படி சேகரித்தது என்பதையும் சேர்த்து எழுதுங்க. வைவாவில் கேள்வி வந்தாலும் சொல்ல பதில் இருக்கும்.