வழிகாட்டியைத் தெரிந்து தெளிதல்

தரையிலிருந்து சில நூறு மீட்டர் உயரத்தில் விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருக்கிறது. சன்னலுக்கு வெளியே முகிலன்றி வேறொன்றும் தென்படவில்லை. ஓடுபாதை முன்னே எங்கோ இருக்கிறது. அதன் இருமருங்கிலும் குன்றுகள் உள்ளன. கண்கள் பயன்படாத அவ்வேளையில், விமானி தம்முன் உள்ள கருவிகளை மட்டுமே நம்பி இறங்குகிறார். இதுவே கருவிவழி அணுகல். முன்பு இதற்கான வழியைத் தரையில் நிறுவப்பட்ட வானொலி நிலையங்களே காட்டின. இன்று பல விமான நிலையங்களில் அப்பணியைச் செயற்கைக்கோள்களும் ஆற்றுகின்றன.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் புவியைச் சுற்றுகின்றன. அவை ஒவ்வொன்றும் தன் இருப்பிடத்தையும் நேரத்தையும் இடையறாது ஒலிபரப்புகிறது. அச்செய்தி வந்துசேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கி, ஏற்பி தொலைவைக் கணக்கிடுகிறது. இடத்தைக் குறிக்கும் மூன்று அளவுகளோடு ஏற்பியின் சொந்தக் கடிகாரப் பிழையும் அறியப்படாததாக இருப்பதால், குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவைப்படுகின்றன. இங்குக் கடிகாரமே அளவுகோல். ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைபட்டாலும், அளக்கப்படும் தொலைவு 300 மீட்டர் பிழைபடும்.

அத்தகைய பிழை நேர்ந்ததும் உண்டு. 2004ஆம் ஆண்டின் முதல் நாளன்று, ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் ஒன்றின் அணுக் கடிகாரம் பழுதுற்றது. 'இதனைப் பயன்படுத்தற்க' என்னும் குறிப்பு அதன் செய்தியில் சேர்க்கப்பட ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆயிற்று. அதுவரை அது தவறான நேரத்தையே வழக்கமான உறுதியோடு அறிவித்துக்கொண்டிருந்தது. செயற்கைக்கோள் முற்றிலும் வாய்மூடிவிட்டால் தீங்கு குறைவு. அஃது இல்லை என்பதை ஏற்பி உடனே அறிந்துகொள்ளும். பேசிக்கொண்டே பிழை கூறும் செயற்கைக்கோளே அஞ்சத்தக்கது.

இதனைக் கண்டறிய ஏற்பிக்குள்ளேயே ஒரு சோதனை நிகழ்கிறது. விமானிகள் அதனை 'ரெய்ம்' என்பர். நான்கு செயற்கைக்கோள்கள் மட்டும் இருந்தால் ஒரே விடை கிடைக்கும். ஒப்பிட வேறு விடை இல்லை. ஐந்து இருந்தால் நான்கு நான்காகச் சேர்த்து ஐந்து விடைகள் பெறலாம். அவை ஒன்றோடொன்று பொருந்தாவிடில் யாரோ பிழை கூறுவது தெரியும். யார் என்பது தெரியாது. ஆறாவது ஒன்றும் கிடைத்தால் பிழை கூறுவதை இனங்கண்டு விலக்கிவிடலாம். எண்ணிக்கை மட்டும் போதாது. செயற்கைக்கோள்கள் வானின் ஒரு மூலையில் நெருங்கி நின்றால், சிறு பிழையும் பெரிதாகிவிடும். ஆகவே அவை பரந்து நிற்பதும் வேண்டும்.

கடலைக் கடக்கும் விமானத்திற்குச் சில கிலோமீட்டர் விலகல் பேரிடராகாது. அணுகலின் இறுதிக் கட்டத்திலோ பொறுக்கத்தக்க எல்லை 0.3 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 556 மீட்டர். இவ்வெல்லைக்குள் பிழையைக் கண்டறியும் ஆற்றல், தரையிறங்கும் அந்த நேரத்தில், அந்த இடத்தில் இருக்குமா? இவ்வினாவைப் புறப்படும் முன்பே கேட்க வேண்டும்.

விடையைக் கணக்கிட இயலும் என்பது வியப்பன்று. கோள்மறைவை முன்கூட்டியே கணிப்பது போல, நாளொன்றுக்கு ஏறத்தாழ இருமுறை புவியைச் சுற்றும் இச்செயற்கைக்கோள்களின் இடங்களையும் கணிக்கலாம். சேருமிடத்தையும் சேரும் நேரத்தையும் அளித்தால், அந்நேரத்திற்கு முன்னும் பின்னும் 15 நிமிடங்களுக்கு நிலைமை எவ்வாறிருக்கும் எனக் கணிப்பு கூறும். பராமரிப்புக்காக நிறுத்தப்படவுள்ள செயற்கைக்கோள்களை அறிவிப்புகளில் கண்டு, அவற்றைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். இப்படியைத் தவறவிட்டால் கணிப்பே பொய்த்துவிடும். மாலை 6 மணிக்கு இறங்க வேண்டிய விமானத்திற்கு 5.52 முதல் 6.04 வரை அவ்வாற்றல் இராது எனக் கணிப்பு காட்டுவதாகக் கொள்வோம். ஐந்து நிமிடங்களுக்கு மேற்பட்ட இடைவெளி என்பதால் விமானி புறப்பாட்டைத் தள்ளிவைப்பார்; அன்றேல் தரை நிலையங்களைச் சார்ந்த வேறு அணுகலைத் தேர்வார். இன்று ஏறத்தாழ முப்பது செயற்கைக்கோள்கள் இயங்குவதால் இத்தகைய இடைவெளிகள் அரியனவே.

திடீர்ப் பழுதையும், எவரேனும் வேண்டுமென்றே அலைகளைக் குலைப்பதையும் கணிப்பு அறியாது. எனவே பறக்கும்போதும் சோதனை தொடர்கிறது. அணுகலின்போது எச்சரிக்கை தோன்றினால், ஓடுபாதை இதோ வந்துவிடும் என்று காத்திராமல் மேலெழும்பிவிடுவதே முறை.

இந்தியாவிற்கு இதில் தனிச் சிக்கல் ஒன்றுண்டு. புவியின் காந்த நடுக்கோடு நாட்டின் தென்முனையை ஒட்டிச் செல்வதால், இங்கு அயனி மண்டலம் கொந்தளிப்பு மிக்கது. சூரியன் மறைந்தபின் அக்கொந்தளிப்பு செயற்கைக்கோள் அலைகளைத் தடுமாறச் செய்யும். இதனைக் கருத்திற்கொண்டே இஸ்ரோவும் இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் 'ககன்' அமைப்பை உருவாக்கின. திருவனந்தபுரம், போர்ட் பிளேயர் உள்ளிட்ட 15 இடங்களில் உள்ள நிலையங்கள் ஜி.பி.எஸ். அலைகளை இடையறாது அளக்கின்றன. அளவீடுகளிலிருந்து பெறப்படும் திருத்தங்களும் எச்சரிக்கைகளும் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் வழியே விமானங்களை அடைகின்றன. 2015இல் இவ்வமைப்பு, உயர வழிகாட்டலுடன் கூடிய அணுகலுக்குச் சான்று பெற்றது. 2022 ஏப்ரலில் இராசத்தானின் கிசன்கர் நிலையத்தில் இண்டிகோ நிறுவனத்தின் ஏ.டி.ஆர். விமானம் ஒன்று ககன் துணையுடன் இறங்கியது. உரிய ஏற்பி உள்ள விமானங்களுக்குத் தனிக் கணிப்பு பெரும்பாலும் தேவையில்லை. ககன் பணி தடைப்படும் என்ற அறிவிப்பு வந்த நாளில் மட்டும், அவ்விமானிகளும் செயற்கைக்கோள்களை எண்ணத் தொடங்க வேண்டியிருக்கும்.