சேவல் கூவியதும் எழுந்த நினைவு



"சாமி, செபமாலை சொல்லும்போதே வேண்டாத எண்ணம் வருகிறதே, இது பாவமா?" பங்குகளில் பலரும் கேட்கும் கேள்வி இது. எண்ணம் எப்படி எழுகிறது என்று தெரிந்தால் பதிலும் தெளிவாகும்.

ரஷ்ய அறிஞர் இவான் பாவ்லோவ் (1849-1936) நாய்களுக்கு உணவு தருமுன் ஓர் ஒலியை எழுப்பினார். பலமுறை இப்படிச் செய்தபின், உணவு தராதபோதும் ஒலி கேட்டவுடன் எச்சில் ஊறியது. சேர்ந்து வருபவற்றை மூளை முடிச்சுப் போட்டு வைக்கிறது. பிறகு ஒன்று வந்தால் மற்றது தானாக எழும். சாம்பிராணி மணத்தால் கோவில் நினைவு வருவதும் இப்படித்தான்.

சில முடிச்சுகள் ஒரே முறையில் விழுந்துவிடும். 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலையில் ஆழிப்பேரலை காசிமேடு உள்ளிட்ட நம் கரையைத் தாக்கியது. அதன்பின் கடல் சற்று இரைந்தாலே நெஞ்சு பதறியவர்கள் உண்டு. அது விசுவாசக் குறைவு அல்ல.

நம் ராயபுரத்துக்குப் பெயர் தந்த இராயப்பரை, அதாவது பேதுருவைப் பாருங்கள். சேவல் கூவியது, ஆண்டவர் சொன்னது நினைவுக்கு வந்தது, தேம்பி அழுதார் (லூக் 22:60-62). அவர் மறுதலித்த முற்றத்தில் எரிந்தது கரி நெருப்பு (யோவா 18:18). உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் மூட்டியிருந்ததும் கரி நெருப்பே (யோவா 21:9). கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் புதிய ஏற்பாட்டில் இவ்விரு இடங்களில் மட்டுமே வருகிறது. மும்முறை மறுதலித்தவரிடம் ஆண்டவர் அங்கே மும்முறை அன்பைக் கேட்டார். பழைய நெருப்போடு புதிய நினைவு ஒன்று சேர்ந்தது.

பாவ்லோவ் இன்னொன்றும் கண்டார். ஒலிக்குப்பின் உணவு தராமலே இருந்தால் எச்சில் ஊறுவது நின்றுவிடும். ஆனால் இடைவெளி விட்டு மீண்டும் ஒலித்தால் கொஞ்சம் ஊறும். பழைய முடிச்சு அடியோடு அழிவதில்லை. குடியை விட்ட சகோதரருக்குச் சம்பள நாளில், பழைய நண்பரைக் கண்டதும், ஆசை திரும்ப எழுவது இதனால்தான். "இவன் திருந்தவே மாட்டான்" என்று வீட்டார் முடிவு கட்ட வேண்டாம். அன்று அவர் வேறு தெரு வழியே வரட்டும். பிள்ளைகளோடு கடைக்குப் போகட்டும். மாதந்தோறும் இப்படிச் செய்தால், சம்பள நாள் என்றாலே பிள்ளைகளின் முகம் நினைவுக்கு வரத் தொடங்கும்.

ஆகவே, எண்ணம் தானாக எழுவது பாவமல்ல. அறிந்து, விரும்பி அதற்கு இடம் தருவதே பாவம். செபத்தில் மனம் சிதறினால் கலங்காமல், விட்ட மணியிலிருந்து தொடர்வோம். அப்படித் திரும்பி வருவதும் ஒரு பழக்கமாக வளரும்.