மழை நாளில் மக்கர் செய்யும் ஜெனரேட்டர்

அந்தமானில் சூரிய மின்சாரத்தை நம்பியிருக்கும் வீடுகளுக்குக் கடைசித் துணை ஒரு டீசல் இயந்திரம். அது படுத்துவிட்டால் உதிரிபாகம் கடல் தாண்டி வர வேண்டும்.

தென்மேற்குப் பருவமழை மூன்று நாள் விடாமல் கொட்டினால், மின்கம்பி எட்டாத அந்தமான் வீடுகளில் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். முதல் நாள் யாரும் கவலைப்படுவதில்லை. இரண்டாம் நாள் ஃபிரிட்ஜ் அணைக்கப்படுகிறது. மூன்றாம் நாள் மாலை இன்வெர்ட்டர் கீச்சிடத் தொடங்குகிறது. கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் மாதக்கணக்காக உறங்கும் ஜெனரேட்டரின் நினைவு அப்போதுதான் வருகிறது. சாவியைத் திருப்பினால், அது கிளம்ப மறுக்கிறது.

சென்னையில் இது ஒரு மெக்கானிக்கின் அரை மணி நேர வேலை. போர்ட் பிளேர் (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) சென்னையிலிருந்து சுமார் 1,350 கி.மீ. தள்ளி இருக்கிறது. கப்பலில் இரண்டரை, மூன்று நாள் பயணம். அங்கிருந்து வேறொரு தீவுக்குப் போக இன்னொரு படகு. பழுதை ஊகித்துத் தவறான பாகத்தை வரவழைத்துவிட்டால், காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும்.

ஒரு வகையில், தீவுக்கூட்டம் முழுவதும் இப்படியொரு வீடுதான். இந்தியாவின் மின்தொகுப்புடன் அதற்கு இணைப்பு கிடையாது. பெரும்பகுதி மின்சாரம் கப்பலில் வந்து இறங்கும் டீசலில் இருந்து பிறக்கிறது. 2001இல் வடக்கு அந்தமானில் தொடங்கிய கல்போங் நீர்மின்நிலையம் 5.25 மெகாவாட் திறன் கொண்டது. போர்ட் பிளேரில் நெய்வேலி என்.எல்.சி. நிறுவிய 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு 8 மெகாவாட்-மணி பேட்டரி துணை நிற்கிறது. ஆனால் மேகம் மூடினால் மீண்டும் டீசல்தான். வருடத்துக்கு சுமார் 3,000 மி.மீ. மழை பெய்யும் இடத்தில் மேகத்துக்குப் பஞ்சமில்லை.

வீட்டுக் கொட்டகைக்குத் திரும்புவோம். கிளம்பாத ஜெனரேட்டரில் முதல் குற்றவாளி பெரும்பாலும் அதைக் கிளப்பும் 12 வோல்ட் பேட்டரி. பக்கத்து அறையில் வரிசையாக நிற்கும் பேட்டரிகளுக்குச் சூரியன் தினமும் தீனி போடுகிறது. இந்த ஒன்றை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. மீட்டர் வைத்துப் பார்த்தால் 12 வோல்ட் காட்டி ஏமாற்றும். ஸ்டார்ட்டர் இழுக்கும்போது பார்க்க வேண்டும். அப்போது 9 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தால் பேட்டரி போய்விட்டது, அல்லது உப்புக் காற்றில் முனைகள் பச்சை பூத்திருக்கின்றன. முனைகளைச் சுரண்டி இறுக்குவதற்குச் செலவில்லை. அதற்கென்று ஒரு சிறு சூரியத் தகடும் சார்ஜ் கட்டுப்படுத்தியும் வைத்துவிட்டால் தொல்லை விட்டது.

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் இயந்திரம் பிடிக்கவில்லை என்றால் சந்தேகம் டீசலின் மேல் விழ வேண்டும். பாதி காலியான தொட்டியில் ஈரக்காற்று குளிர்ந்து நீராகி அடியில் தங்கும். தண்ணீரை வடித்து, ஃபில்டரை மாற்றி, அதன் மேலுள்ள திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்தினால் நுரையோடு காற்று வெளியேறும். குமிழ் நின்று டீசல் மட்டும் வரும்வரை பொறுமை தேவை.

கிளம்பிச் சில நொடிகளில் அணைந்துபோகிறதா? முதலில் ஆயில் அளவு. ஆயில் அழுத்தம் குறைந்தால் இயந்திரத்தை நிறுத்தும் பாதுகாப்பு ஸ்விட்ச் தன் வேலையைச் செய்திருக்கலாம். அந்த ஸ்விட்சின் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டும் கெட்டிக்காரர்கள் உண்டு. இயந்திரம் இறுகிப்போன பிறகுதான் அதன் விலை தெரியும்.

அதிகம் குழப்புவது வேறொரு பழுது. ஜெனரேட்டர் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, ஆனால் பேட்டரி ஏறவில்லை. இன்வெர்ட்டருக்குள் 'டக்' என்று ரிலே சேர்வதும் பிரிவதுமாக இருக்கிறது. இன்வெர்ட்டர் கெட்டுவிட்டது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பாவம், அது சரியாகத்தான் நடந்துகொள்கிறது. 48 வோல்ட் பேட்டரி வரிசைக்கு 60 ஆம்பியர் சார்ஜ் என்று அமைத்திருந்தால் தேவை 3,300 வாட்டைத் தொடும். 3 கே.வி.ஏ. ஜெனரேட்டர் தரக்கூடியதோ 2,400 வாட் அளவுதான். சுமை ஏறியதும் இயந்திரம் திணறி, நிமிடத்துக்கு 1,500 சுற்றிலிருந்து வேகம் சரிகிறது. 50 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டிய மின்சாரம் 46, 47க்கு இறங்குகிறது. இன்வெர்ட்டர் அதை ஏற்க மறுத்துக் கழன்றுகொள்கிறது. சுமை போனதும் வேகம் மீள்கிறது, மறுபடி சேர்கிறது. சார்ஜ் அளவை 30 ஆம்பியராகக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் வேகம் நிலைக்காவிட்டால், ஏர் ஃபில்டரையும் கவர்னரையும் பார்க்க வேண்டும்.

நேர் எதிரான தவறும் உண்டு. இரண்டு விளக்குக்காகப் பெரிய டீசல் ஜெனரேட்டரை இரவு முழுக்க ஓட்டினால், சூடேறாத இயந்திரத்தில் டீசல் முழுதாக எரியாது. புகைக்குழாயில் கரிய எண்ணெய் வழியும், இயந்திரத்தின் வலு குறையும்.

மழைக்குப் பயந்து ஜெனரேட்டரைத் தாழ்வாரத்துக்கோ மூடிய அறைக்கோ இழுத்து வருவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். மின்துறை இணைப்பும் உள்ள வீடு என்றால் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் கட்டாயம். இல்லாவிட்டால் வீட்டு மின்சாரம் வெளியே பாய்ந்து, கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனைத் தாக்கும்.

வெயில் காயும் ஒரு பகலில் ஜெனரேட்டரை ஓடவிடுகிறவரை அக்கம்பக்கத்தார் விநோதமாகப் பார்க்கலாம். டீசல் வீண் என்று வீட்டில் முணுமுணுப்பும் கேட்கலாம். ஆனால் மாதம் ஒருமுறை, அரை மணி நேரம், பாதிச் சுமையாவது ஏற்றி ஓட்டினால் போதும். பிறகு டீசல் தொட்டியை விளிம்புவரை நிரப்பி மூடிவிட்டு, மறுபடி தார்ப்பாயைப் போர்த்திவிடலாம், இயந்திரம் ஆறிய பிறகு.