கட்டிய இடத்திலேயே முறிந்த கப்பல்

1943 ஜனவரி 16, இரவு. அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில், கட்டி முடித்த தளத்தின் துறையிலேயே நின்றிருந்தது ‘ஷெனெக்டடி’ என்ற எண்ணெய்க் கப்பல். சோதனை ஓட்டம் முடித்துத் திரும்பி அதிக நாள் ஆகவில்லை. புயல் இல்லை, அலை இல்லை, ஆற்றுத் தண்ணீர். திடீரென ஒரு மைல் தூரம் கேட்கும் வெடிச்சத்தம். மேல்தளத்தில் விழுந்த விரிசல் இரு பக்கமும் இறங்கி ஓட, அடித்தகடு மட்டும் அறாமல் பிடித்துக்கொள்ள, முருங்கைக் கிளையாக முறிந்தது கப்பல். நடுப்பகுதி மேலே எழும்பி, முன்னும் பின்னும் ஆற்றில் அமிழ்ந்தன.

கட்டியவர் ஹென்றி கைசர். அணையும் சாலையும் போட்ட கான்ட்ராக்டர். பரம்பரைக் கப்பல்காரர் அல்ல. போர்க்கால அவசரம். ரிவெட் அடிக்க நேரமில்லாததால் எல்லாம் வெல்டிங். கப்பலையே பார்த்திராத ஆண்களும் பெண்களும் சில வாரப் பயிற்சியில் வெல்டர் ஆனார்கள். ஷெனெக்டடி போன்ற டி-2 ரக எண்ணெய்க் கப்பல்கள் மட்டும் அமெரிக்கத் தளங்களில் நானூற்றுக்கும் மேல் கட்டித் தள்ளப்பட்டன. விரிசல் வந்ததும் பழி வெல்டர்கள் தலையில்தான் விழுந்தது.

வெல்டிங்கில் குறை இருந்தது உண்மைதான். ஆனால் பெரிய குற்றவாளி தகடு. போர்க்காலத்தில் முறிந்த கப்பல்களின் எஃகை ஆராய்ந்த கேம்பிரிட்ஜின் கான்ஸ்டன்ஸ் டிப்பர், குளிரில் அது வளையாமல் படக்கென உடைகிறது என்று காட்டினார். ரிவெட் கப்பலில் விரிசல் பெரும்பாலும் ஒரு தகட்டின் ஓரத்தோடு நிற்கும். வெல்டிங் செய்த கப்பலோ ஒரே தகடு மாதிரி, தடுக்க ஆளில்லை. 1952 பிப்ரவரி 18 அன்று அமெரிக்காவின் கேப் காட் அருகே ‘பெண்டில்டன்’, ‘ஃபோர்ட் மெர்சர்’ என இரண்டு டி-2 கப்பல்கள் ஒரே நாளில் இரண்டாகப் பிளந்தன. ஷெனெக்டடிக்கு மட்டும் ஆயுசு கெட்டி. ஒட்டுப்போட்டு, சில மாதங்களிலேயே மறுபடி எண்ணெய் சுமந்தது.

மார்கழியிலும் வியர்க்கும் திருவள்ளூர் மாவட்டத்தில் இந்தக் குளிர்க்கதை எதற்கு? மீஞ்சூர் தாண்டி, காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி கப்பல்தளம் இருக்கிறது. இந்தியாவில் பழுதுபார்க்க வந்த முதல் அமெரிக்கக் கடற்படைக் கப்பலான ‘சார்லஸ் ட்ரூ’ 2022 ஆகஸ்ட்டில் வந்தது இங்கேதான். கப்பல் எந்தக் கடலுக்கும் போகும். அதனால் உசத்தி ரகத் தகட்டில் வெட்டிய துண்டை மைனஸ் 20, மைனஸ் 40 டிகிரிக்குக் குளிர்வித்து உடைத்துப் பார்த்துத்தான் சான்று தருகிறார்கள். 10 மில்லிமீட்டர் சதுரக் கம்பி, நடுவில் 2 மில்லிமீட்டர் வெட்டு, ஊசலாடி வந்து அடிக்கும் சுத்தியல். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ஃபேப்ரிகேஷன் வேலைக்காரர்களுக்கும் இந்த ‘சார்ப்பி டெஸ்ட்’ பழகிய பெயர்தான்.

எக்ஸ்ரேயில் ஜாயின்ட் ஃபெயில் ஆனால் இன்றும் முதலில் தேடுவது வெல்டரின் ஸ்டாம்ப் நம்பரைத்தான். அதில் மாற்றமில்லை. ஆனால் தகடே பிளந்தால், அது எந்த உருக்கில் வந்தது என்று சொல்லும் ஹீட் நம்பரைப் பிடித்து, உருக்கிய ஆலைவரை போய்க் கேட்கிறார்கள்.