இரட்டைக் குழலா, தானே நிரப்பும் துப்பாக்கியா?

பழனி மலைகளில் ஒரு காலத்தில் வேட்டைத் துப்பாக்கியின் ஓசை அடிக்கடி கேட்டது. 1860களில் இம்மலைகளைப் பற்றி அறிக்கை எழுதிய ஆங்கிலேயப் படை அதிகாரி டக்ளஸ் ஹாமில்டன் பெயர்பெற்ற வேட்டைக்காரர். பேரிஜம் ஏரிக்கு அருகில் இன்றும் ஓர் இடம் அவர் பெயரால் வழங்குகிறது. பின்னாளில் துப்பாக்கி பிடித்தவர்களிடையே ஒரு வாதம் எழுந்தது. இரட்டைக்குழல் துப்பாக்கி நல்லதா? தானே நிரப்பிக்கொள்ளும் துப்பாக்கி நல்லதா? இதற்கு அறிவியல் என்ன விடை தருகிறது என்று பார்ப்போம்.

இரண்டுமே ரவைத் துப்பாக்கிகள். தோட்டாவுக்குள் ஒரே குண்டுக்குப் பதிலாகச் சிறு ஈய ரவைகள் பல இருக்கும். '12 போர்' என்பதன் பொருள் உங்களுக்குத் தெரியுமா? ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், அவற்றுள் ஒன்று அக்குழலுக்குள் சரியாகப் பொருந்தும். குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர்.

இரட்டைக்குழலில் குழலுக்கு ஒரு தோட்டா. குழலின் வாயைச் சற்றுக் குறுக்கினால் ரவைகள் அதிகம் சிதறாமல் தொலைவு வரை செல்லும். இக்குறுக்கத்தைச் 'சோக்' என்பர். ஒரு குழலைக் கிட்ட உள்ள இலக்குக்கும், மற்றதை எட்ட உள்ள இலக்குக்கும் ஏற்றவாறு அமைக்கலாம். ஒற்றைக்குழல் துப்பாக்கியில் இந்த வசதி இல்லை.

தானே நிரப்பும் துப்பாக்கியில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஒரு குழாயில் வரிசையாக நிற்கும். அமெரிக்கரான ஜான் பிரவுனிங் வடிவமைத்த இவ்வகைத் துப்பாக்கி 1902இல் பெல்ஜியத்தில் தயாராகத் தொடங்கியது. அதில் குழலே பின்னோக்கி நகர்ந்து இயந்திரத்தை இயக்கும். பிற்கால வகைகள் பலவற்றில் வெடிவாயுவின் ஒரு பகுதி சிறு துளை வழியே வந்து ஓர் உந்துதண்டைத் தள்ளுகிறது. வெற்றுத் தோட்டா வெளியேற, அடுத்தது உள்ளே ஏறுகிறது.

இதனால் தோளுக்கு நன்மை உண்டு. 24 கிராம் ரவை விநாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி 3.5 கிலோ துப்பாக்கி விநாடிக்கு ஏறத்தாழ 2.7 மீட்டர் வேகத்தில் பின்னுதைக்கும். வெடிவாயுவின் பங்கு இதற்கு மேல். தானே நிரப்பும் துப்பாக்கியும் இந்த உந்தத்தைக் குறைப்பதில்லை. ஆனால் அதைச் சற்று நீண்ட நேரத்துக்குப் பரப்புகிறது. எறிந்த செங்கல்லைப் பிடிக்கும் கொத்தனார் கையைத் தாழ்த்திக்கொள்வதும் இதே தத்துவம்தான்.

ஆனால் பொறியமைப்பு கூடினால் கோளாறும் கூடும். புகைக்கரி படிந்தால் இயந்திரம் சிக்கும். பழைய காகிதத் தோட்டாக்கள் ஈரத்தில் உப்பிவிடும். கொடைக்கானல் போன்ற மூடுபனி மலைகளில் இது சிறிய தொல்லையன்று. இரட்டைக்குழலில் கையால் செருகும்போதே குறை தெரிந்துவிடும். மற்றதில் தோட்டா பாதியில் மாட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் தோட்டாக்கள் வந்தபின் இத்தொல்லை குறைந்தது.

வேட்டைக்கு எது உகந்தது என்ற கேள்விக்கு இன்று இங்கே இடமில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தன. கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. இன்று சுடுபவர்களுக்கு எஞ்சியுள்ள பறவை களிமண் தட்டுதான். பெயர்தான் களிமண், உண்மையில் சுண்ணாம்புக்கல் தூளும் கீலும் கலந்து செய்வது. விட்டம் 110 மில்லிமீட்டர், எடை 105 கிராம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் புதுக்கோட்டையின் பிரித்விராஜ் தொண்டைமான் கலந்துகொண்ட 'டிராப்' போட்டி இவ்வகையே. அதன் தகுதிச் சுற்றில் 125 தட்டுகள். தட்டுக்கு இரண்டு தோட்டாக்கள் வரை சுடலாம்.

இரண்டே வெடிகள் போதும் என்றால், இரண்டு குழல்களும் இரண்டு சோக்குகளும் போதும். அதனால்தான் வீரர்கள் பெரும்பாலும் மேலும் கீழுமாக அமைந்த இரட்டைக்குழலையே ஏந்துகின்றனர். தோள்வலி உள்ளவருக்குத் தானே நிரப்புவது இதம் தரலாம்.

இன்னொரு காரணம் உயிரைக் காப்பது. இரட்டைக்குழலை மடித்துத் திறந்தால், அது காலியா என்று அருகில் நிற்பவருக்கும் தெரியும். தானே நிரப்பும் துப்பாக்கியில் அடிக்குழாய் காலியானாலும், குழலுக்குள் ஒரு தோட்டா காத்திருக்கலாம். எனவே அதன் அறையைத் திறந்து, கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதி செய்த பிறகே அதைக் காலி என்று சொல்லுங்கள்.